பஸ் போயிடுச்சா, டீச்சர்?

பெட்போர்டு திருப்பத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். குன்னூரில் 45 வயதுப் பெண் ஒருத்தி காலை ஆறரை மணிக்கு ரோட்டில் ஓடினால், ஒன்று பஸ் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் காட்டெருமை வந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் யாருக்கும் தோன்றாது. "இல்லைங்கய்யா, சும்மா ஓடுறேன்" என்றேன். "சும்மாவா?" என்று கேட்டவரின் முகத்தில் கவலை கூடிவிட்டது. பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

முழுக்க சும்மா இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1 என்று வந்திருந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோயாளி. நான் இரண்டுக்கும் நடுவில் மதில்மேல் பூனை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். "நீங்கதான் மலையிலேயே இருக்கீங்களே, அப்புறம் என்ன?" என்று வேறு சேர்த்துக்கொண்டார். மலையில் இருப்பவர்கள் எல்லாரும் நடக்கிறார்கள் என்பது சமவெளிக்காரர்களின் நம்பிக்கை. நான் 17 வருஷமாக வீட்டு வாசலில் மினி பஸ் ஏறிப் பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறவள்.

ஓட்டம் என்ற யோசனை கோயம்புத்தூர்த் தோழியுடையது. அவள் ரேஸ் கோர்ஸை தினமும் இரண்டு சுற்று சுற்றுகிறவள். போனில் விஷயத்தைச் சொன்னதும் குதித்தாள். "இப்ப ஆரம்பி. உங்க ஊர்ல இப்ப ஆட்டம்தானே, என்ன கிளைமேட்!" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் இலையுதிர்காலத்தை அவள் ஆங்கிலத்தில் சொல்கிறாள் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் போடுவது மழை மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். நீலகிரி ஒரே மலைதான், ஆனால் அதற்கு இரண்டு மழை. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கமெல்லாம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து தீர்ந்துவிடும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கே சமவெளியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. செப்டம்பரிலும் அக்டோபர் பாதி வரையிலும் இரண்டாவது சீசன் என்று சுற்றுலாக் கூட்டம் வரும். வானமும் கொஞ்சம் ஒத்துழைக்கும். தீபாவளி நெருங்கும்போது கிழக்கிலிருந்து மேகம் ஏற ஆரம்பித்தால் கார்த்திகை முடியும் வரை துணி காயாது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதனால் ஐப்பசி மழையை இங்கே யாரும் அழகு என்று மட்டும் பார்ப்பதில்லை.

இலை சிவப்பதும் இங்கே தலைகீழ். குளிர்நாடுகளில் பழுத்துச் சிவந்து உதிரும் என்கிறார்கள். எங்கள் சோலைக்காட்டு மரங்களில் சிவந்து கிடப்பது துளிர். மழையும் பனியும் முடிந்த பிறகு புதுத் தளிர்கள் செம்பும் ரோஜாவும் கலந்த நிறத்தில் வந்து, அப்புறம்தான் பச்சையாகும்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். தொடங்கிய இடம் சிம்ஸ் பூங்கா. 1874-இல் உருவான பூங்கா, 12 ஹெக்டேர். பூங்கா என்றதும் வட்டமாக ஒரு நடைபாதையைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இது ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் கிடக்கிறது. வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கிக் குளத்தில் முடியும். வழியில் ருத்ராட்ச மரம், பைன், பெரணி மரங்கள், ஐந்து ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத அடிமரங்கள். மற்ற மலைகளில் தெம்பாக இருக்கும்போது ஏறிவிட்டு, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே முதலில் இறக்கம். குளத்துக்குப் போன பிறகுதான், இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டுமே என்பது உறைக்கும்.

எதிரே பாஸ்டர் நிறுவனம். நாய்க்கடிக்குச் சிகிச்சை என்றால் வடக்கே கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்த காலத்தில், தென்னிந்தியாவுக்கென்று 1907-இல் திறந்தது. வெறிநாய்க்கடி மருந்துக்கே பேர்போன அந்த மதிலோரத்தில்தான் மூன்று தெருநாய்கள் என்னைத் துரத்தின. ஓடுகிறவளைத்தான் துரத்துகின்றன, நடக்கிறவளைக் கண்டுகொள்வதில்லை. அன்றிலிருந்து அந்த நூறடிக்கு நான் ஒரு கண்ணியமான நடையாளி.

நான்காம் நாள் கொஞ்சம் தைரியம் வந்தது. வாசலிலிருந்து குளம் வரை நிறுத்தாமல் ஓடி இறங்கினேன். என்ன சுகம்! கால் தானாகப் போகிறது, காற்று காதில் அடிக்கிறது, பத்தாம் வகுப்பில் ரிலே ஓடியது நினைவுக்கு வருகிறது. மறுநாள் லேசான வலி. அதற்கு மறுநாள் தொடை இரண்டும் கல். பள்ளிக்கூடத்தில் மாடி ஏறிவிட்டேன், இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கியபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "தோளைப் புடிச்சுக்கோங்க டீச்சர்" என்றான். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. அவன் பின்னால் வந்தவர்கள்தான் சிரித்தார்கள்.

ஏறும்போது நம் தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். சுருங்கப் பார்க்கிற தசையை உடம்பின் எடை இழுத்து நீட்டுகிறது. அந்த இழுபறியில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. வலி உடனே வருவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். ஏற்றம் நுரையீரலோடு பேசும், அங்கேயே கணக்கைத் தீர்த்துவிடும். இறக்கம் அப்படியில்லை, கடன்காரன் மாதிரி மூன்றாம் நாள் வீட்டுக்கு வரும்.

எங்கள் வீட்டு ரயில்காரர் ஒருவர், சித்தப்பா முறை, இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம மலை ரயிலைப் பாரு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வரும்போது எஞ்சின் கஷ்டப்படும். இறங்கும்போது கஷ்டம் பிரேக்குக்கு. அதனாலதான் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிக்கிறான்." உண்மைதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி உயரும் பாதை, நடுவில் பல் தண்டவாளம். அதில் அந்த ரயில் எவ்வளவு அடக்கமாக இறங்குகிறது என்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

ஆனால் எனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தது சித்தப்பா இல்லை, அம்மா.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில். 1964-இல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். 1974-இல், 19 வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு. இந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். 30 வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தாள். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, வாசல் படியைக்கூட யோசித்துத்தான் இறங்குவாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுப் படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நாங்க ஏறி இறங்குன மலைக்குக் கூலி குடுத்தாங்க. நீ நாலாயிரம் ரூபா குடுத்துச் செருப்பு வாங்கி ஏறுற" என்றாள். அவளுக்கு ஷூவும் செருப்புதான். அப்புறம், "இப்ப படுத்துட்டா நாளைக்கும் வலிக்கும். மெதுவா இன்னொருக்கா இறங்கு, விட்டுரும்" என்றாள். இது பாட்டி வைத்தியம் இல்லை. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டுத் தேறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அந்த அளவு வலிக்காது என்று உடற்பயிற்சி அறிவியலும் சொல்கிறது. புதுக் கொழுந்துக்காரிகள் முதல் வாரம் அழுவதும் இரண்டாம் வாரம் பாடுவதும் இதனால்தான் போலிருக்கிறது.

சனிக்கிழமை என்னோடு பூங்காவுக்கு வந்தாள். ரப்பர் செருப்பு, முழங்கால் வரை தூக்கிச் செருகிய சேலை, மேலே அப்பாவின் பழைய ஸ்வெட்டர். சரிவின் தலைப்பில் நின்று என்னை நடக்கச் சொன்னாள். பத்தடி போயிருப்பேன். "நில்லு. குதிகாலை முன்னாடி குத்துற. ஆணி அடிக்கிற மாதிரி. அந்த அடி எல்லாம் முட்டிக்குத்தான் போகும்." என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளே நாலடி இறங்கிக் காட்டினாள். சின்னச் சின்ன அடி. பாதம் முழுசாக மண்ணில் உட்கார்ந்தது. முழங்கால் ஒருபோதும் விறைக்கவில்லை, எப்போதும் லேசாக மடங்கியே இருந்தது. நேராக இறங்காமல், பாதையின் அகலத்துக்குள்ளேயே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோலம் போடுகிற மாதிரி சாய்ந்து போனாள். முதுகில் 20, 25 கிலோ கொழுந்து இல்லை, ஆனால் இருக்கிற மாதிரியே இடுப்பு கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"காலைப் பாக்காத. மூணடி தள்ளிப் பாரு. கால் வைக்கப் போற இடத்தைக் கண்ணு முன்னாடியே பாத்து வச்சிரும்" என்றாள். ஐந்தாவது அடியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கேயே கல் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். மீதிப் பாடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே: "அகலமா வைக்கிற... இப்ப சரி... கை எதுக்குக் கட்டி வச்சிருக்க, விரி." கையை விரித்தால் சமநிலை வரும் என்பதை ஓட்டக்காரர்களின் காணொளிகளில் பிறகு பார்த்தேன். சிறிய அடி, மடங்கிய முழங்கால், முன்னே பார்க்கும் கண், விரித்த கை. காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற பயிற்சியாளர்கள் சொல்வதும் இதேதான். திட்டு மட்டும் இல்லை.

ஏற்றத்தில் எனக்கு ஆசான் யாரும் கிடைக்கவில்லை, அவமானம்தான் கிடைத்தது. போனில் இருக்கிற ஓட்டச் செயலி, 3 கிலோமீட்டருக்கு 38 நிமிஷம் என்று காட்டியது. அதைத் தோழிக்கு அனுப்பினேன். "இது ஓட்டமா, சாமி ஊர்வலமா?" என்று பதில் வந்தது. ஒரு வாரம் அந்தக் கோபத்தில் ஏற்றத்திலும் ஓடிப் பார்த்தேன். நெஞ்சு வெளியே வந்து விழுந்துவிடும் போலிருந்தது. கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது: செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு துள்ளுவதைவிட, முன்னால் சாய்ந்து, கையைத் தொடையில் ஊன்றி நடப்பதில் சக்தி குறைவாகச் செலவாகிறது, வேகமும் ஏறக்குறைய அதேதான். மலை ஓட்டப் பந்தயங்களில் முதலிடம் வருகிறவர்களே செங்குத்தில் நடக்கிறார்கள். இது தெரிந்த நாளில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இப்போது நான் கிலோமீட்டர் கணக்கைப் பார்ப்பதே இல்லை. எத்தனை மீட்டர் ஏறினேன் என்பதை மட்டும் பார்க்கிறேன். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம், இரண்டு சொல்லில் மூச்சு அறுந்தால் அதிகம். வகுப்பில் பாடம் நடத்துகிறவளுக்கு இதைவிட வசதியான அளவுகோல் கிடையாது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஏறுகிறேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் திணறினால் அது மூச்சால் அல்ல.

தோழி கார்த்திகையில் இரண்டு நாள் வந்து தங்கினாள். குளத்திலிருந்து வாசலுக்கு ஓடியே ஏறுவேன் என்று கிளம்பியவள் பாதியில் ருத்ராட்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் வருகிற ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைவு. இதையெல்லாம் ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

அவளுக்குப் பூங்கா போதவில்லை, காடு வேண்டும் என்றாள். இங்கேதான் நான் பிடிவாதக்காரி. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் காலை வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. இப்போது வழியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். நாங்கள் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போனோம். 116 ஹெக்டேர் சோலை, சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் ஊறுகிற இடம். உள்ளே நுழைந்ததும் பகல் பத்து மணி, மாலை ஆறு மணியாகிவிட்டது. தலைக்கு மேல் கிளைகள் பின்னிக் கிடக்கின்றன, ஒவ்வொரு கிளையிலும் பாசி, காலடியில் மெத்தை மாதிரி மட்கிய இலை. எங்கோ ஒரு சீகாரப் பூங்குருவி, வேலை வெட்டி இல்லாத பையன் சீட்டி அடிப்பது மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஓடவில்லை. ஓடினால் எதுவுமே கண்ணில் பட்டிருக்காது. நின்றால் மட்டும் அட்டை ஏறும். தோழி காலில் மூன்று, எனக்கு ஒன்று. உப்புத் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோது சிரித்தவள் அவள்தான்.

காட்டெருமைக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், அது ஊருக்குள்ளேயே வரும். ஒருநாள் காலை, லேம்ஸ் ராக் ரோட்டிலிருந்து தேயிலைக்குள் பிரியும் குறுக்குப் பாதையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். மூடுபனி. இருபதடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முன்னால் ஒரு கரும்பாறை. நேற்று இந்த இடத்தில் பாறை இருந்ததா என்று யோசிப்பதற்குள் அதற்குக் கீழே நாலு வெள்ளை சாக்ஸ் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் அது காட்டெருமை, வேறு எதுவும் இல்லை. வளர்ந்த கிடா ஒரு டன் வரைக்கும் வரும். தனியாக நின்றது. மூக்கிலிருந்து 'ப்ஃபுர்' என்று ஒரு மூச்சு விட்டது, அந்த ஆவி பனியோடு கலப்பதுகூடத் தெரிந்தது. திரும்பி ஓடக் கூடாது என்று தெரியும். அதுவரை சும்மா ஓடியவளுக்கு அன்றுதான் ஓட உண்மையான காரணம் கிடைத்தது, அன்றைக்குப் பார்த்து ஓடக் கூடாது. முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி ரோட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு 20 நிமிஷம் தாமதம். காரணம் சொன்னேன், வருகைப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அதன்பிறகு நன்றாக விடிந்தபின்தான் கிளம்புகிறேன், காதில் பாட்டு மாட்டுவதில்லை, பனி இருந்தால் தேயிலைக்குள் போவதில்லை. கரடியும் அந்த நேரத்தில்தான் வீடு திரும்புகிறது.

துணி விஷயம் சுருக்கமாக: பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, நின்ற உடனே குளிர் முதுகில் ஏறும். எனக்குப் பள்ளி விளையாட்டு விழாவில் கொடுத்த பாலியெஸ்டர் பனியன் போதும். ஸ்வெட்டர் இடுப்பில். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் மழையில் போனைக் கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு எடுத்துப் போகிறேன். குடை பிடித்துக்கொண்டு ஓடியும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். வழுக்குவது சேறு இல்லை, சேறு எதிரியென்று தெரியும். நனைந்த கற்பூரமர இலையும் பாசி பிடித்த கல் படியும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மாசியில் எடுத்த பரிசோதனையில் 5.8. ஓட்டத்தாலா, சாயங்கால டீயோடு வர்க்கியை விட்டதாலா என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, வர்க்கிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று.

இந்த வருஷ ஐப்பசி தொடங்கிவிட்டது. நேற்று ராத்திரி முழுக்க அடைமழை, காலையில் மேட்டுப்பாளையம் ரயில் ரத்து, பள்ளிகளுக்குக் கலெக்டர் லீவு. ஓடப் போக முடியாது. முந்தாநாள் நனைந்த ஷூவுக்குள் அம்மா பழைய தினசரியைக் கசக்கித் திணித்து அடுப்படியில் சாய்த்து வைத்திருந்தாள். அப்பாவின் பூட்ஸுக்கு இப்படித்தான் செய்வாளாம். மத்தியானம் அந்தத் தாளை மாற்றும்போது ஒரு ஷூவைக் கையில் எடுத்து, அடிப்பாகத்தின் முட்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வழுக்காதுல்ல?"

"வழுக்காதும்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஷூவைத் திருப்பி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அஞ்சாம் நம்பர்ல வருமா?"